காமராசர் பாடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வெளிநாட்டு இசை நாடகங்களில் நிஜ மனிதர்களின் வேஷம் போடுகிற நடிகர்கள் அதற்கு எப்படித் தயாராகிறார்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை, குறை சொல்ல வரவில்லை. அந்த மனிதர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் பழைய ஒலிப்பதிவைக் கேட்கிறார்கள், நடையைக் கவனிக்கிறார்கள், அந்த ஊர்ப் பேச்சைப் பழகுகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் இசை நாடகம் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டுப் பாட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. நிஜத்தில் அந்த ஆள் பாடியிருக்க மாட்டார். முதலமைச்சரோ டாக்டரோ சிப்பாயோ, வாழ்க்கையில் ஒரு பெரிய கட்டம் வந்தபோது யாரும் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மோகனத்தில் எடுத்ததில்லை. மேடையில் மட்டும் எடுக்கிறார். அந்த ஒரு பொய்யை நடிகன் என்ன செய்கிறான் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மற்றதெல்லாம் மிமிக்ரி. இந்த விஷயத்தில் நான் ஊர் முன்னால் ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன், அதனால்தான் இத்தனை நீளக் கடிதம். இடம் போதவில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கூத்து பற்றிய பகுதியில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

நான் குடியாத்தத்துக்காரன். அஞ்சல் துறையில் 36 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன வயதில் மாமாவின் கூத்து ஜமாவில் பின்பாட்டுக்கு நின்றிருக்கிறேன், வேலை கிடைத்த பிறகு நண்பர்களோடு சேர்ந்து மேடை நாடகம். எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு ஓர் ஆசை வந்தது, காமராசரை வைத்து ஒரு பாட்டு நாடகம் போட வேண்டும் என்று. அதற்கு எங்கள் ஊரில் காரணம் உண்டு. 1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சர் ஆனபோது சட்டமன்ற உறுப்பினராக இல்லை, அதே வருஷம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துப் போனது குடியாத்தம் தொகுதியிலிருந்துதான். விருதுநகர்க்காரருக்கு வடாற்காட்டில் ஓட்டுப் போட்ட ஊர் என்ற பெருமை இன்னமும் இங்கே பெரியவர்களுக்கு இருக்கிறது. நாங்கள் நாடகம் போட்ட சமயத்தில் அந்தத் தேர்தலைக் கண்ணால் பார்த்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். இதை நாங்கள் ஒரு வசதியாக நினைத்தோம். எவ்வளவு பெரிய மடத்தனம் பாருங்கள்.

நான் உயரம், நிறமும் ஒத்துப் போனது, அதனால் வேஷம் எனக்கு. இரண்டு மாசம் கண்ணாடி முன்னால் நின்றேன். கதர்ச் சட்டை, தோளில் துண்டு, முழங்காலைத் தொடுகிற மாதிரி தொங்கும் கை, வாக்கியம் முடியும்போது ஒரு 'ன்னேன்', நடுவில் ஒரு 'ஆகட்டும் பார்க்கலாம்'. வீட்டில் சாப்பிடும்போது கூட அப்படியே பேசினேன். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு 'ஆகட்டும் பார்க்கலாம்' என்று சொன்ன அன்றைக்கு என் மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாடகம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். நான் மேடைக்கு வந்ததும் விசில், கைதட்டல், பின்னால் யாரோ கட்சிக் கோஷம் வேறு. முதல் அரை மணி நேரம் வசனம், ஒவ்வொரு 'ன்னேன்'னுக்கும் ஒரு கைதட்டல் விழுந்தது. அப்புறம் மதிய உணவுக் காட்சி வந்தது. மாடு மேய்க்கிற பையனை வழியில் நிறுத்தி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் கேட்டதாகச் சொல்வார்களே, அதுதான். பையன் பதில் சொன்னதும் நான் பாட வேண்டும். நல்ல பாட்டு, எங்கள் வாத்தியார் எழுதியது, பல்லவியே சோற்றில்தான் ஆரம்பிக்கும். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது, நான் துண்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். பல்லவி இரண்டாவது சுற்று முடிவதற்குள் முன்வரிசையில் இருந்து ஒரு நெசவுக்காரப் பெரியவர் எழுந்து நின்று, மைதானத்துக்கே கேட்கிற குரலில், "ஏன்டா, காமராசர் பாடுவாராடா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. மாடு மேய்க்கிற பையன் வேஷம் போட்டவனும் சிரித்தான், அவன் என் தம்பி மகன்.

மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து லுங்கி நெய்துகொண்டிருந்தார், நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்க, என்னை நிமிர்ந்து கூடப் பார்க்காமல் சொன்னார்: "நீ அவரு மாதிரிதாம்பா பேசுன, அதுல ஒண்ணும் குத்தம் இல்ல. ஆனா அவரு பேசுனதவிட நின்னு கேட்டதுதான் ஜாஸ்தி. நீ ரெண்டு மணி நேரத்துல ஒருத்தர் பேச்சையும் கேக்கலயே."

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாசம் அவருடைய வாயைப் பார்த்தேனே தவிர காதைப் பார்க்கவில்லை.

அடுத்த தடவை பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்தில் போட்டபோது வாத்தியாரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பாட்டை மாற்ற வைத்தேன். பாட்டு அதே பாட்டுதான், மெட்டும் அதேதான். ஆனால் பாடியது பையனின் அம்மா, பின்பாட்டுக்கு மூன்று பெண்கள். காமராசர் துண்டைத் தோளில் போட்டபடி ஓரமாக நின்று கேட்கிறார், பாட்டு முடிந்ததும் தலையை ஒரு தடவை அசைத்துவிட்டுப் போகிறார். வசனம் இல்லை, 'ன்னேன்' இல்லை. யாரும் கைதட்டவில்லை, ஆனால் யாரும் அசையவும் இல்லை. ஆறு நிமிஷம் ஒன்றும் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், கையை எங்கே வைப்பது என்றே தெரியாது.

அதற்காக நிஜ மனிதர் வேஷம் என்றால் பாடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாடுகிற உரிமை சிலருக்கு இயல்பாகவே இருக்கிறது. டி.கே. சண்முகம் ஔவையாராக வேஷம் கட்டியவர், ஆண்பிள்ளை, கிழவி வேஷம், கடைசியில் அவர் பேரே அவ்வை சண்முகம் என்று நின்றுவிட்டது. ஔவையார் மேடையில் பாடினால் யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்க மாட்டார்கள், அந்தப் பாட்டுதானே அந்த அம்மாவை நமக்குத் தெரிய வைத்தது. வி.சி. கணேசன் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துத்தான் பெரியார் அவரை சிவாஜி என்று கூப்பிட்டார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. இதில் ஒரு பயமும் இருக்கிறது. 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் போடப்பட்ட கட்டபொம்மனின் குரலை இன்றைக்குக் கேட்டவர் யாரும் கிடையாது, ஆனால் கட்டபொம்மன் என்றதும் நம் எல்லார் காதிலும் ஒரே குரல்தான் கேட்கிறது. நடிகன் அவ்வளவு நன்றாகச் செய்தால் அந்த ஆளையே எடுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்கு அந்தத் தொந்தரவு வரவில்லை, அவ்வளவு நன்றாக நான் செய்யவில்லை.

இப்போது கூத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் அந்த வெளிநாட்டு நடிகர்கள் நானும் அந்தக் கதாபாத்திரமும் வேறு வேறு என்று ஞாபகம் வைத்துக்கொள்வது பெரிய சிரமம் என்று சொன்னதாகப் போட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்துக் கூத்தில் இதற்கு ஒரு வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ராஜா வேஷக்காரர் நேராகச் சபைக்கு வருவதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், அதற்குப் பின்னால் நின்று முதலில் பாட்டு, கிரீடமும் புஜக்கட்டையும் திரைக்கு மேலே லேசாகத் தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும். அந்தப் பாட்டில் அவர் 'நான் வந்தேன்' என்று பாட மாட்டார். 'துரியோதன மகாராஜன் வந்தாரே' என்ற தோரணையில், தன்னையே மூன்றாம் ஆள் மாதிரி வைத்துப் பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். திரை விலகி, கிறுக்கி அடித்துச் சுழன்று ஆடி நின்ற பிறகுதான், கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளியான கட்டியக்காரன் வந்து, யாரய்யா நீங்கள், எந்த தேசம் என்று விசாரிப்பான். அதாவது நடிகன் முதலில் சேதி சொல்கிற ஆள், அப்புறம்தான் அந்த ஆள். விடிய விடிய நடக்கிற கூத்தில் அவன் இந்த எல்லையை நூறு தடவை தாண்டிப் போய்த் தாண்டி வருவான், பாட்டுதான் அதற்குக் கதவு. வசனத்தில் 'நான்', பாட்டில் 'அவர்'. பொய் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் அவராகப் பாடவே இல்லை, அவரைப் பற்றிப் பாடுகிறான்.

துரியோதனன் நிஜ மனிதரா என்று மெத்தப் படித்தவர்கள் கேட்பீர்கள். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் துரியோதனன் சாகிற படுகளத்தன்று காலையில், மண்ணில் நீளமாகப் படுக்க வைத்திருக்கும் துரியோதனன் உருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிற பெண்களைப் போய்க் கேளுங்கள். ராத்திரி எல்லாம் அவனைத் திட்டியவர்கள்தான் அவர்கள். அந்த வேஷம் கட்டுகிறவருக்கு அன்றைக்கு எதிரில் இருப்பது ரசிகர்கள் இல்லை, பங்காளிகள்.

புரிசை ஊர்க் கூத்துக்காரர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையே பல தடவை எழுதியிருக்கிறது. புரிசை அப்போது எங்கள் வடாற்காடு மாவட்டம், 1989-ல் பிரித்தபோது திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்த அந்த ஜமா பாரதக் கதையோடு நிற்காமல், ஜெர்மன் நாடகத்தையும் லத்தீன் அமெரிக்கக் கதையையும் கூட இதே அடவிலும் பாட்டிலும் ஆடிக் காட்டினார்கள். அந்நியக் கதைக்கே தாங்குகிற பாணி, நம் பக்கத்து மனிதர்களுக்குத் தாங்காதா?

தாங்கும், ஆனால் கூத்திலும் ஒரு கோளாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு ராஜன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சி ராஜா, சின்ன வயசு, ஆற்காடு நவாப் சதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று 1714-ல் சண்டைக்குப் போய்ச் செத்தவன், கூடவே அவனுடைய முஸ்லிம் சிநேகிதனும் செத்தான். எங்கள் பக்கம் இதைக் கூத்தாகவும் ஆடுவார்கள், நாடகமாகவும் போடுவார்கள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நவாப் வேஷம் என்றாலே மீசையை முறுக்கிக்கொண்டு இடி மாதிரி சிரிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரிதான் ஆடுவார்கள். இதை ஆற்காட்டிலேயே ஆடுகிறோம், முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள். அதைவிடப் பெரிய விஷயம், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே, தேசிங்கு இறந்ததும் உடன்கட்டை ஏறிய அவனுடைய ராணியின் நினைவாக இந்த நவாப் வைத்ததால் என்றுதான் பழைய குறிப்புகளில் இருக்கிறது. ஜெயித்தவன், தோற்றவனுடைய மனைவியின் பேரை ஒரு ஊருக்கு வைக்கிறான். அப்படிப்பட்ட ஆள் சண்டை முடிந்த ராத்திரி எப்படி உட்கார்ந்திருப்பான்? அங்கே ஒரு பாட்டு இருக்கிறது ஐயா. நவாப் பாடலாம், தாராளமாகப் பாடலாம், யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள். ஆனால் நான் பார்த்த எந்த நாடகத்திலும் அந்தக் காட்சியே இல்லை, சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

வெளிநாட்டு நாடகங்களுக்கும் வருகிறேன், ஏதோ நம்முடையதுதான் உசத்தி என்று எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது 'கம் ஃப்ரம் அவே' என்ற நாடகத்தின் ஒளிப்பதிவை டிவியில் போட்டுக் காட்டினான். பாதிப் பாட்டு எனக்குப் புரியவில்லை, அவன் நடுநடுவே நிறுத்திச் சொன்னான். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வானத்தை மூடிவிட்டதால் 38 விமானங்கள் கனடாவில் கேண்டர் என்ற சின்ன ஊரில் இறங்கின, ஏறக்குறைய 7000 பேர், ஊரின் ஜனத்தொகையே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஊர்க்காரர்கள் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து அனுப்பினார்கள். பத்து வருஷம் கழித்து எழுதினவர்கள் இருவரும் அங்கேயே போய்த் தங்கி, ஆட்களைப் பார்த்துப் பேசி எழுதியிருக்கிறார்கள். 12 நடிகர்கள்தான், தொப்பியை மாற்றினால் வேறு ஆள், நாற்காலியைத் திருப்பிப் போட்டால் விமானம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூத்துக் களத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அதையே சிம்மாசனம், தேர், மலை என்று ஆடுகிறவர்கள் நாம். அவர்களும் பாதி நேரம் நம்மைப் பார்த்துக் கதை சொல்கிறார்கள், பாதி நேரம் அந்த ஆளாகிவிடுகிறார்கள். அதில் வருகிற பெண் விமானி, நிஜமான பெண் விமானி, அவரும் பார்க்க வந்திருக்கிறார், அதுவும் பல தடவை. தன் வாழ்க்கையைத் தனக்கு முன்னால் இன்னொருத்தி பாடுவதை உட்கார்ந்து கேட்கிறார். அந்த இடத்தில் நடிக்கிறவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள், நானாக இருந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, 2015-ல் வந்த 'ஹாமில்டன்'. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கா உண்டானபோது இருந்த வெள்ளைக்காரத் தலைவர்கள் கதை, நடித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரர்களும். முக ஜாடைக்கும் நிறத்துக்கும் அங்கே வேலையே இல்லை. கதையை எடுத்துச் சொல்கிற ஆள் யார் தெரியுமா, கடைசியில் ஹாமில்டனைச் சுட்டுக் கொல்கிற ஆரன் பர்தான். கொன்றவனையே கட்டியக்காரன் ஆக்கிவிட்டார்கள். இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, வேலூருக்கு வருகிறேன். என் பேத்தி படிக்கிற இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பற்றி ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள், அவளுக்குத்தான் ஐடா வேஷம். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரி வேலையே வேண்டாம் என்று இருந்த பெண், திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வேண்டும் என்று கூப்பிட்டதும், ஆண் டாக்டரைச் சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் திரும்பியதும், மூன்று பெண்களும் செத்ததும் நம் ஊர்க் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். அந்தக் காட்சியில் பேத்திக்கு ஒரு பெரிய பாட்டு, கையைக் கூப்பி வானத்தைப் பார்த்தபடி. என்னிடம் பாடிக் காட்டினாள். குரல் தங்கம், ஆனால் அது ஒரு பெண் மாதிரியே இல்லை, காலண்டர் படம் மாதிரி இருந்தது.

அவளை அழைத்துக்கொண்டு எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் வீட்டுக்குப் போனேன். எண்பத்தைந்து வயதுக்கு மேல், சின்னப் பெண்ணாகப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஐடா அம்மாவை வயதான காலத்தில் பார்த்தவர். பேத்தி கையில் நோட்டோடு போனாள், எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார் என்று கேள்வி எழுதி வைத்திருந்தாள். அந்த அம்மா அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை, டென்னிஸ் ஆடுவார்களே தெரியுமா என்று கேட்டார், வயசாகியும் ஆடினார்கள், தோற்கப் பிடிக்காது என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான் அன்றைக்குக் கிடைத்தது. எனக்கு ஏமாற்றம். ஆனால் பேத்திக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாவது ஆள் கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகு கையைக் கூப்பாமல், தோற்கப் பிடிக்காத ஒருத்தி தோற்றுவிட்டால் எப்படி நிற்பாளோ அப்படி நின்று, பாட்டைக் கோபமாகப் பாடினாள். பாதிப் பாட்டில் சுருதி கூட விலகியது. அவள் டீச்சருக்கு அது பிடிக்கவில்லை, பக்தி இல்லை என்றாராம். எனக்குப் பிடித்தது. ('டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம் கூட அவருக்கு வந்து சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. தபால்காரனாக எனக்கு அந்தக் கதைதான் எல்லாவற்றையும்விடப் பிடிக்கும், பின்கோடு போட்டே தவறிப் போகிற காலம் இது.)

இத்தனையும் எழுதுவதற்கு இன்னொரு காரணம் ஜூலை 10. 1806-ல் அன்று விடிவதற்கு முன்னால் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள், வருஷா வருஷம் மக்கான் பக்கத்து நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறோம், அந்த வாரம் பள்ளிக்கூடங்களிலும் மன்றங்களிலும் நாடகமும் போடுகிறோம். ஒரு பள்ளியில் நான் நடுவராகப் போனபோது பார்த்தேன், பேர் வேண்டாம், சிப்பாய் வேஷம் போட்ட பிள்ளைகள் தலையில் கல்யாண வீட்டு ஜரிகைத் தலைப்பாகை. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அந்தக் கதையே தலைப்பாகைதானே ஐயா! தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைப் போடச் சொன்னதும், தாடியை எடுக்கவும் மீசையைக் கத்தரிக்கவும் சொன்னதும், நெற்றியில் குறி வைக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்றதும்தானே அந்த ராத்திரிக்கு முன்னால் நடந்தது. எந்தத் தலைப்பாகைக்காக அந்த ஆட்கள் செத்தார்களோ அதைத் தலையில் வைத்துப் பார்க்காமல் அந்த வேஷத்தை எப்படிப் போடுவது? ஒரு தோல் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வெயிலில் நிற்கச் சொல்லுங்கள் அந்தப் பிள்ளைகளை, வசனம் தானாக வரும்.

முஸ்தபா பேக் வேஷம் என்றால் இன்னும் மோசம், எல்லா நாடகத்திலும் அவனை நாடகத் துரோகியாக, குனிந்தபடி கையைப் பிசைகிறவனாக ஆக்கிவிடுகிறார்கள். திட்டத்தை முன்கூட்டியே வெள்ளைக்கார அதிகாரிகளிடம் போய்ச் சொன்ன சிப்பாய் அவன். அவர்கள் நம்பவில்லை, பைத்தியம் என்று சொல்லி அவனையே அடைத்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லிப் பைத்தியக்காரன் ஆகி, அப்புறம் அந்த உண்மைக்காகப் பணம் வாங்கினவன். அவனை நல்லவன் ஆக்கச் சொல்லவில்லை, ஆனால் அடைபட்டுக் கிடந்தவனுக்கு ஒரு விருத்தமாவது கொடுங்கள்.

இந்த வருஷம் எங்கள் மன்றத்தில் இதே கதையைப் பாட்டு நாடகமாகப் போடுகிறோம். எனக்குக் கொடுத்திருப்பது கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் வேஷம், நிறம் ஒத்துப் போகவில்லை, ஆனால் மிச்சம் இருந்த வேஷம் அதுதான், முட்டி வலியோடு ஓடிச் சண்டை போடுகிற வேஷம் என்னால் ஆகாது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு வீட்டை விட்டு வெளியே போன மனிதர், குண்டு பட்டு அன்றைக்கே செத்துப் போனார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து தப்பித்து, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்த பிறகு வெளியே வந்தவர், அந்த ராத்திரியைப் பற்றிப் பின்னால் தன் கைப்பட எழுதியும் வைத்தார். போன வாரம் கோட்டைக்குள் போய், ஜலகண்டேஸ்வரர் கோயிலைத் தாண்டி மாதா கோயில் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே இருந்து அந்த ஆள் இருட்டில் வெளியே நடந்தபோது மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்ட மாதிரி நடிக்கவும் மனசு வரவில்லை.

வாத்தியார் எனக்குச் சாகும் நேரத்துக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், முகாரியில், ஏழு அடி. வெள்ளைக்கார கர்னல் குண்டடி பட்டுக் கீழே விழுந்து முகாரி பாட வேண்டும். அந்தப் பாட்டை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள், எழுதி வைத்தது அவர்தானே, நான் கதவைத் திறந்துகொண்டு பேசாமல் வெளியே போகிறேன், சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று சொல்லிப் பத்து நாள் ஆகிறது. இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை, மெட்டுப் போட்டாகிவிட்டது என்று மட்டும் ஆர்மோனியக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
குடியாத்தம்.